வலையடித்த திண்ணை: நம் வீட்டு ஆட்களே கட்டலாம், நாமே வண்ணம் பூசலாம்



குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது மழைக்காலம் தொடங்கியதும் ஒரு மாற்றம் தெரியும். சேமிப்பு கட்ட வரும் உறுப்பினர்களில் ரெண்டு மூணு பேர் வந்திருக்க மாட்டார்கள். கேட்டால், "பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில இருக்கா" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அடுத்த கூட்டத்தில் அதே உறுப்பினர் மருத்துவச் செலவுக்குக் கடன் கேட்பார். அதற்கு அடுத்த மாதம் தவணை நிற்கும். ஒரு கொசு கடித்தால் ஒரு வீட்டின் வரவு செலவே ஆடிப்போகிறது.

கொசுவை ஒழிக்கப் புகை அடிக்கிறார்கள், மருந்து தெளிக்கிறார்கள். அது ஊராட்சியின் வேலை, நடக்கட்டும். நம் வீட்டு வாசலில் நாமே செய்துகொள்ளக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அதுதான் திண்ணைக்கு வலை அடிப்பது. கூட்டங்களில் பலர் கேட்கும் கேள்வி, "மேடம், அது வசதியானவங்க வீட்டு வேலையாச்சே, நமக்கு எதுக்கு?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை. வலை வேலையைச் சரியாகச் செய்தால் நம் கைக்கு எட்டும். அரைகுறையாகச் செய்தால் போட்ட பணம் வீண். இந்த ரெண்டையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

திண்ணை நமக்கு ஏன் முக்கியம்?

நம் பகுதியில் பெண்களின் பாதி வேலை திண்ணையில்தான் நடக்கிறது. நிலக்கோட்டைப் பக்கம் பூக் கட்டுவது திண்ணையில். ஒட்டன்சத்திரம் பக்கம் வெங்காயம் ஆய்வது திண்ணையில். பிள்ளைகள் பாடம் படிப்பது, வயதானவர்கள் சாய்ந்து கிடப்பது, நம் குழுக் கூட்டம் நடப்பது எல்லாமே அங்கேதான். சித்திரை, வைகாசி வெயிலில் வீட்டுக்குள் படுக்க முடியாது, ராத்திரி திண்ணையில்தான் பாய் விரிக்கிறோம். கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கொசு. வலையடித்த திண்ணை இருந்தால் காற்று வரும், கொசு வராது.

எந்தக் கொசு, எந்த நேரம்?

எல்லாக் கொசுவும் ஒன்றல்ல. மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, ஏடிஸ் கொசு. டெங்கு, சிக்குன்குனியா காய்ச்சலைப் பரப்புவது இதுதான். காலில் வெள்ளை வரி இருக்கும். இது பகலில் கடிக்கும், குறிப்பாகக் காலையிலும், பொழுது சாயும் முன்பும். நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். டிரம், சிமெண்ட் தொட்டி, பழைய டயர், ஆட்டுக்கல் குழி, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் அதற்குத் தொட்டில்.

இரண்டு, அனாபிலஸ் கொசு. மலேரியாவைப் பரப்பும். ராத்திரியில் கடிக்கும்.

மூன்று, க்யூலெக்ஸ் கொசு. சாக்கடை, கழிவுநீர்க் குட்டையில் வளரும். ராத்திரி காதருகே ரீங்காரம் போடுவது பெரும்பாலும் இதுதான். யானைக்கால் நோயைப் பரப்புவது இது.

ராத்திரி கட்டிலுக்குக் கொசுவலை கட்டினால் பின்னிரண்டு கொசுக்களிடமிருந்து தப்பிக்கலாம். ஆனால் டெங்குக் கொசு பகலில் அல்லவா கடிக்கிறது? பகல் முழுக்க யாரும் கட்டில் வலைக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. சின்னாளபட்டியில் குழித்தறியில் நெய்பவர்களுக்குக் கால் ரெண்டும் இருட்டுக் குழிக்குள் இருக்கும். ஏடிஸ் கொசு அப்படிப்பட்ட இருட்டு மூலையில்தான் பதுங்கும். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் நம் பெண்கள் தூங்குவது பகலில். அவர்களுக்கும் இதே ஆபத்துதான். அதனால்தான் ஆட்கள் பகலில் புழங்கும் இடத்தையே வலைக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறோம்.

2012ல் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு உறுதியானது, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 2017ல் 23,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். டெங்குக் கிருமியில் நாலு வகை உண்டு. ஒரு தடவை வந்தவருக்கு வேறு வகை திரும்பவும் வரலாம். ரெண்டாவது தடவை கடுமையாக வர வாய்ப்பு அதிகம். "எனக்குத்தான் ஒரு தடவை வந்துபோச்சே" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

வலையால் பலன் உண்டா?

1897ஆம் வருஷம் ஆகஸ்ட் 20ஆம் தேதி, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். அந்த நாளைத்தான் இன்றும் உலகக் கொசு தினமாகச் சொல்கிறோம். அதுவரை கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்றுதான் பலர் நம்பினார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1900ல், இத்தாலி நாட்டில் ரோம் நகருக்குப் பக்கத்தில் மலேரியா மிகுந்த சதுப்பு நிலத்தில் ஒரு குடிசை போட்டார்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் வலை. சாம்பன், லோ என்ற ரெண்டு மருத்துவர்கள் அங்கே தங்கினார்கள். பகலில் வெளியே சுற்றினார்கள், அந்த ஊர்க் காற்றைத்தான் சுவாசித்தார்கள். பொழுது சாயும் முன் வலைக்குள் வந்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் பலர் காய்ச்சலில் படுத்தார்கள். இவர்களுக்கு மலேரியா வரவில்லை. மருந்து மாத்திரை இல்லை, வெறும் வலைதான் காத்தது.

நம் காலத்துக் கணக்கும் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற நாட்டில், நம்மைப் போலக் கிராமத்து வீடுகளில் 2006, 2007ஆம் வருஷங்களில் வலை அடித்துப் பார்த்து, அதன் முடிவை 2009ல் வெளியிட்டார்கள். வலை இல்லாத வீட்டில் ஒரு ராத்திரிக்குச் சராசரி 37 கொசு பிடிபட்டது. கதவு, ஜன்னல், கூரை இடுக்கு எல்லாம் அடைத்த வீட்டில் 15தான். வலை இல்லாத வீட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 19 பேருக்கு ரத்தசோகை இருந்தது. வலையடித்த வீடுகளில் நூற்றுக்கு 12 பேருக்குத்தான்.

கவனியுங்கள், 37 கொசு 15 ஆனது, பூஜ்யம் ஆகவில்லை. வலை அடித்துவிட்டால் கொசுவே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறையும், நன்றாகவே குறையும். மீதிக்கு வேறு வேலை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில், திண்ணை நம் இடத்தில் இருக்கிறதா? தெருவையோ வாய்க்காலையோ ஒட்டிப் புறம்போக்கில் நீட்டிக் கட்டினால் நாளைக்கு இடிக்கச் சொல்வார்கள். பணமும் போகும், மனமும் நோகும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கழற்றி எடுத்துப் போகிற மாதிரி சட்டம் போடுவது நல்லது.

அடுத்து, கூரை. ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு போட்டிருந்தால் அதை அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. பல வருஷம் கழித்துத்தான் நோயாக வெளியே தெரியும். சட்டத்தைத் தூணிலும் சுவரிலும் மட்டும் பொருத்துங்கள்.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் திண்ணையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வலை அடிக்காதீர்கள். மூணு பக்கம் அடைத்து ஒரு பக்கம் விட்டால் கொசு அந்தப் பக்கமாக வரும். அந்தப் பணத்தில் படுக்கும் அறை ஜன்னலுக்கும் கதவுக்கும் முழுசாக வலை அடியுங்கள். திண்ணை அடுத்த வருஷம் ஆகட்டும்.

அளவும் பொருளும்

ஒரு கணக்குக்காக, 10 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள திண்ணையை எடுத்துக்கொள்வோம். பின்பக்கம் வீட்டுச் சுவர். தூணும் கூரையும் ஏற்கெனவே இருக்கின்றன. கூரை முன்பக்கம் 7 அடி உயரம், வீட்டுச் சுவர்ப் பக்கம் 8 அடி.

அரைச்சுவர்: கீழே இரண்டரை அடி உயரத்துக்குச் சுவர் வைப்பது நல்லது. ஆடு முட்டும், கோழி கொத்தும், பிள்ளைகள் உதைப்பார்கள். வலை தரை வரைக்கும் வந்தால் ஆறு மாசம் தாங்காது. முன்பக்கம் 10 அடி, ரெண்டு பக்கமும் 5, 5 அடி, மொத்தம் 20 அடி. கதவுக்கு இரண்டரை அடி போக பதினேழரை அடி சுவர். அரைக்கல் கனத்தில் வைத்தால் 200 முதல் 220 செங்கல் ஆகும். கட்டவும் பூசவும் 2 மூட்டை சிமெண்ட் போதும்.

சட்டம்: மரம் அல்லது இரும்பு. மரத்தில் வேம்பு நமக்குச் சுலபமாகக் கிடைக்கும், கரையானும் எளிதில் அண்டாது. நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சை மரம் பின்னால் முறுக்கிக்கொள்ளும், இடுக்கு விழும். இரும்பு என்றால், பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன ஊர் நம் திண்டுக்கல், வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ரெண்டு மூணு பட்டறையில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வலை: 20 அடி நீளம், அரைச்சுவருக்கு மேல் நாலரை அடி உயரம். பெருக்கினால் 90 சதுர அடி. பக்கவாட்டில் கூரைச் சரிவுக்கு 5 சதுர அடி. மடிப்பு, சேதாரம் எல்லாம் சேர்த்து 110 சதுர அடி வாங்குங்கள். கடையில் ஒரு சதுர அடி விலையைக் கேட்டு 110ஆல் பெருக்கினால் வலைச் செலவு தெரிந்துவிடும். வலை 4 அடி அகலம் என்றால் ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடைவெளி மூணே முக்கால் அடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வலையை ஒட்டுப்போட வேண்டி வரும்.

எந்த வலை? நைலான் வலை விலை குறைவு. ஆனால் வெயிலில் நொறுங்கும், அணிலும் எலியும் கடிக்கும். பைபர் கிளாஸ் வலை நடுத்தர விலை, துருப்பிடிக்காது. எவர்சில்வர் வலை விலை அதிகம், ஆனால் எலி கடிக்காது, பல வருஷம் வரும். எதை வாங்கினாலும் கண் எண்ணிப் பாருங்கள். ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை கண் இருக்கிறது என்று எண்ணுங்கள். 16 முதல் 18 வரை இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் சின்னக் கொசு நுழையும். ரொம்ப நெருக்கமாக இருந்தால் காற்று வராது. கடைக்காரர் "கொசு வலைதாம்மா" என்று சொன்னால் மட்டும் போதாது, எண்ணிவிட்டு வாங்குங்கள்.

யார் யார் என்ன செய்வது?

குடும்ப உதவி என்றால் வீட்டுப் பெண்ணே எல்லாவற்றையும் சுமப்பது அல்ல. நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. கொத்தனாருக்குக் கூலி கொடுக்கிறோம். கூடவே செங்கல் எடுத்துக் கொடுத்து, கலவை கலந்து, ஒரு வாரம் தண்ணீர் நனைத்து, அத்தனை பேருக்கும் சோறு ஆக்குகிற பெண்ணுக்கு என்ன கணக்கு? கூலி வேலைக்குப் போய்ச் சித்தாளாகச் செங்கல் சுமந்த சகோதரிகள் நம் குழுக்களில் எத்தனையோ பேர். வெளியில் செய்தால் கூலி, வீட்டில் செய்தால் கடமையா?

அதனால் ஒரு யோசனை. வேலை தொடங்கும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து பழைய நோட்டில் எழுதுங்கள். எந்த நாள், என்ன வேலை, யார் செய்வது என்று மூன்று கட்டம் போடுங்கள். இப்படிப் பிரிக்கலாம்:

1. அரைச்சுவர் கட்டுவது, பூசுவது: கொத்தனார். கூட ஆள் வேலைக்குக் கணவர், வளர்ந்த மகன்.
2. சுவருக்கு ஒரு வாரம் காலை, மாலை தண்ணீர் நனைப்பது: முறை வைத்து எல்லோரும்.
3. சட்டம் செய்வது, கதவு பொருத்துவது: ஆசாரி அல்லது வெல்டர். இது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை, இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.
4. சட்டத்தைத் தேய்ப்பது, வண்ணம் பூசுவது: மகன், மகள், கணவன், மனைவி எல்லோரும்.
5. வலை அடிப்பது: ரெண்டு பேர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் ஆணி அடிக்க.
6. அந்த நாட்களில் சமையல், தண்ணீர் பிடிப்பது: இதையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு நாள் ஆண்களும் செய்யட்டும்.

மாமியார், மாமனார் இருந்தால் அவர்களுக்கும் வேலை உண்டு. ஆணி எண்ணிக் கொடுப்பது, வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது போன்றவற்றை உட்கார்ந்தபடியே செய்யலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் நிறுத்தி வேலை வாங்காதீர்கள். சனி, ஞாயிறு போதும். சின்னப் பிள்ளைகளை ஏணியில் ஏற்றாதீர்கள்.

வேலை முடிந்ததும் நோட்டைக் கூட்டிப் பாருங்கள். வீட்டு ஆட்கள் செய்த நாட்களை ஊர்க் கூலியால் பெருக்கினால் எவ்வளவு பணம் மிச்சமானது என்று தெரியும். அதில் பெண்ணின் உழைப்பு எவ்வளவு என்பதும் வீட்டுக்குத் தெரியும்.

வண்ணம் முதலில், வலை பிறகு

பலரும் தவறுகிற இடம் இதுதான். வலை அடித்துவிட்டுப் பெயிண்ட் அடித்தால் பெயிண்ட் வலைக் கண்ணை அடைத்துவிடும், காற்று வராது. சட்டத்துக்கு எல்லாப் பூச்சும் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகே வலை அடிக்க வேண்டும். வலையின் மேல் பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

மரச் சட்டம்: உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, மர பிரைமர் ஒரு கோட். காய்ந்ததும் எனாமல் ரெண்டு கோட். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு நாள் விடுங்கள். நாம் சொன்ன அளவுத் திண்ணைக்கு பிரைமர் ஒரு லிட்டர், எனாமல் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ஆகும். சட்டத்தின் பின்புறம், அடிப்பாகம், வெட்டு முனை எல்லா இடத்திலும் பூசுங்கள். தண்ணீர் இறங்குவது வெட்டு முனை வழியாகத்தான்.

இரும்புச் சட்டம்: துருவைச் சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு ஒரு கோட், பிறகு எனாமல் ரெண்டு கோட். வெல்டிங் வைத்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். அங்கே கூடுதலாகப் பூசுங்கள்.

அரைச்சுவர்: புதுப்பூச்சு ஈரமாக இருக்கும்போது டிஸ்டெம்பர் அடித்தால் உரியும். மூணு நாலு வாரம் காய விடுங்கள். செலவு குறைய வேண்டுமென்றால் சுண்ணாம்பு போதும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நமக்குப் புதுசா என்ன? கல் சுண்ணாம்பு என்றால் முதல் நாளே ஊற வையுங்கள். தகர டின்னில் தண்ணீர் ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதிக்கும், பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் வஜ்ஜிரமும் நீலமும் கலந்து அடித்தால் துணியில் ஒட்டாது, பளிச்சென்று இருக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

பழைய பெயிண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. முன்பு வந்த எனாமல் பெயிண்டுகளில் காரீயம் கலந்திருந்தது. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2016ல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றாக்கியது. அதனால் டப்பாவில் அந்த விவரம் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய கதவு, ஜன்னலைச் சட்டத்துக்குப் பயன்படுத்தினால் காய்ந்தபடியே சுரண்டாதீர்கள். தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்த்து, தூளைக் காகிதத்தில் அள்ளிக் கட்டி எறியுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இந்த வேலையில் சேரக் கூடாது.

வலை அடிக்கும் முறை

வலையைச் சட்டத்தின் மேல் பக்கத்தில் முதலில் ஆணியடித்து நிறுத்துங்கள். பிறகு கீழே இழுத்து அடியுங்கள், கடைசியில் பக்கவாட்டு. நாலு பக்கமும் ஒரு அங்குலம் மடித்து, அதன் மேல் மெல்லிய ரீப்பர் வைத்து ஆணி அடித்தால் வலை ரெண்டு மரத்துக்கும் நடுவில் இறுகிவிடும். வெறும் ஆணி மட்டும் அடித்தால் காற்றில் கிழியும். இரும்புச் சட்டத்துக்கு இரும்புப் பட்டை வைத்து ஸ்குரு போட வேண்டும்.

இனி இடுக்குகள். கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவே, சீட்டின் வளைவுக்குக் கீழே, ஓட்டு வரிசையின் முனையில் கை நுழைகிற இடைவெளி இருக்கும். கொசு உள்ளே வருவது அந்த வழியாகத்தான். அதைச் சிமெண்ட் கலவையால் அடையுங்கள், இல்லையென்றால் வலைத் துண்டால் மூடுங்கள்.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கமாகத் திறந்தால் வலையில் உட்கார்ந்திருக்கும் கொசுவை நாமே உள்ளே தள்ளிக் கொடுப்போம். தானாக மூட ஸ்பிரிங் போடுங்கள். கதவின் கீழ்ப்பாதிக்குத் தகரம் அடித்தால் உதைக்குத் தாங்கும். தரைக்கும் கதவுக்கும் நடுவே உள்ள சந்துக்குப் பழைய டியூப் ரப்பரை ஒரு பட்டையாக வெட்டி ஆணி அடிக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. ராத்திரி உள்ளே லைட் போட்டுவிட்டு ஒருவர் வெளியே நின்று பாருங்கள். வலை இல்லாமல் வெளிச்சம் பளிச்சென்று தெரிகிற இடமெல்லாம் கொசு வருகிற வழி. சுண்ணாம்புக் கட்டியால் குறி வைத்து மறுநாளே அடைத்துவிடுங்கள்.

வலைத் திண்ணைக்குள் விறகடுப்பு வைக்காதீர்கள். விளக்கு, சூடம் எல்லாம் வலைக்குத் தள்ளியே இருக்கட்டும். நைலான் வலை சட்டென்று பற்றிக்கொள்ளும். கதவுக்கு வெளியில் பூட்டுப் போட்டுவிட்டு உள்ளே யாரும் தூங்கக் கூடாது. உள்ளிருந்து திறக்கிற கொண்டி போதும்.

கடன் வாங்கினால் எப்படி?

இது வருமானம் தரும் கடன் அல்ல. ஆனால் செலவைத் தடுக்கும் கடன். குழு உள்கடன் கொடுக்கும்போது மருத்துவம், படிப்பு போன்ற அவசரத் தேவைகள் முன்னே, வலை பின்னே. அதில் மாற்றம் வேண்டாம்.

ஒரு கணக்குப் பாருங்கள். உள்கடனாக 10,000 ரூபாய் வாங்கி 12 மாதத்தில் சமமாக அசல் கட்டுகிறோம். வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய், குறைந்து வரும் நிலுவைக்கு மட்டும். வருஷத்துக்கு மொத்த வட்டி 650 ரூபாய். நூற்றுக்கு ரெண்டு ரூபாய் என்றால் 1,300. அதே 10,000த்தை வெளியில் பத்து வட்டிக்கு வாங்கி, வருஷக் கடைசியில் அசலைக் கொடுத்தால் வட்டி மட்டும் 12,000 ரூபாய், அசலைவிட அதிகம். வலைக்காக யாரும் வெளிவட்டிக்குப் போகக் கூடாது. அவ்வளவு அவசரமான வேலை இது இல்லை.

மாதம் மாதம் சேமித்துத் தை, மாசியில் வேலையை வைத்துக்கொண்டால் ஐப்பசி மழைக்கு முன் நிதானமாக முடித்துவிடலாம். நாலைந்து உறுப்பினர்கள் சேர்ந்து ஒரே கடையில் வலையை முழு ரோலாக வாங்கினால் விலையும் குறைத்துக் கேட்கலாம். ஒருவர் வீட்டு வேலைக்கு மற்றவர் கைமாற்றாக ஒரு நாள் வந்து உதவலாம். நடவுக்கும் களைக்கும் செய்கிற பழக்கம்தானே.

வலை மட்டும் போதாது

தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும் ஊர்களில் டிரம்மும் தொட்டியும் இல்லாத வீடு ஏது? வலைத் திண்ணைக்குள்ளேயே மூடாத டிரம் வைத்திருந்தால் கொசுவை வலைக்குள் வளர்க்கிறோம் என்று அர்த்தம். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற நாளிலேயே, தொட்டியைக் காலி செய்து உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொள்ளும், மாசக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். டிரம்முக்கு மிச்சமான வலைத் துண்டைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால் வலை இருக்கிறதே என்று காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஆஸ்பிரின், புரூபென் மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், ரத்தக் கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் குறைந்த நேரத்தில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை சோர்ந்து கிடப்பது இதில் எது தெரிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். "காய்ச்சல் விட்டுருச்சு" என்று நிம்மதியாக இருக்கிற அந்த ரெண்டு நாள்தான் டெங்குவில் ஆபத்தான நாள்.

வலையை மாதம் ஒருமுறை மென்மையான துடைப்பத்தால் தூசி தட்டுங்கள். சின்ன ஓட்டை என்றால் ஊசி, நைலான் நூல் போதும். பெரிய கிழிசலுக்கு ஒரு அங்குலம் கூடுதலான துண்டை வைத்துத் தையுங்கள். தையல் தெரிந்த நமக்கு இது ஒரு வேலையா?

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் கடந்த மழைக்காலத்தில் எத்தனை வீட்டில் காய்ச்சல் வந்தது? எவ்வளவு செலவானது? ஊக்குநரும் பிரதிநிதிகளும் ஒரு தாளில் எழுதுங்கள்.
2. எத்தனை உறுப்பினர் வீட்டுத் திண்ணைக்கு ஏற்கெனவே தூணும் கூரையும் இருக்கின்றன? வலை மட்டும் அடித்தால் போதும் என்ற வீடுகள் எவை?
3. யார் யார் சேர்ந்து வலை வாங்கலாம்? எந்த மாதம்?
4. வாரம் ஒரு நாள் தொட்டி கழுவும் நாளாக எந்த நாளை வைத்துக்கொள்ளலாம்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். வலை வேலையை முடித்த குழுக்கள் வேலைக் கணக்கு நோட்டைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மற்ற ஊர்ச் சகோதரிகளும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.